செடிக்கு நோகக் கூடாது

காலையில் கொட்டகைக்குள் போகிற ஒவ்வொரு பெண்ணும் முதலில் ஒரு கஞ்சாக் கன்றிடம் கையை நீட்டிக் காட்ட வேண்டும். அது சரி என்று சொன்னால்தான் அன்றைக்கு வேலை.

கேட்டில் வாட்சுமேன் இருந்த கூண்டு அப்படியே இருந்தது, வாட்சுமேன்தான் இல்லை. அவருடைய ஸ்டூலில் ஒரு சின்னத் தொட்டி, தொட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு கன்று, கன்றின் வேரில் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் ஒரு விளக்கு. இலையைத் தொட்டதும் பச்சை எரிந்தால் உள்ளே போகலாம். மஞ்சள் என்றால் ஓரமாக உட்கார்ந்து மூச்சை இழுத்துவிட்டு மறுபடி வந்து தொட வேண்டும். சிவப்பு என்றால் வந்த வேனிலேயே வீட்டுக்கு.

"எனக்குப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இம்புட்டு யோசிக்கலை" என்பாள் வெள்ளைத்தாய். தினமும் சொல்வாள். செவனம்மா தினமும் சிரிப்பாள். சிரித்தால் கை கொஞ்சம் இளகும் என்பதற்காகவே சிரிப்பாள்.

செவனம்மாவின் புருசனோடு கூடப் பிறந்தவள் வெள்ளைத்தாய். ரெண்டு பேரும் கம்பம் பள்ளத்தாக்கில் கால் வைக்காத வயல் கிடையாது. சேற்றில் குனிந்தே இடுப்பை விட்டவர்கள். நெல் நடவுக்கு இயந்திரம் வந்து நடவுக்காரிகளின் செட்டுகளையெல்லாம் கலைத்துவிட்டபின் மலையடிவாரத்தில் இந்தக் கண்ணாடிக் கொட்டகை வந்தது. இரும்புக் கையால் கன்று எடுத்து வைத்துப் பார்த்தார்கள். வேர் அரண்டது. மனுசக் கைதான் வேண்டும், அதிலும் நாற்று நட்ட பொம்பளைக் கை வேண்டும் என்று ஆள் தேடி வந்தார்கள்.

வேலையைச் சொல்லிக் கொடுத்தவன் கிருபாகரன். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன். சட்டைப்பையில் 'செடி நல அலுவலர்' என்று வில்லை குத்தியிருப்பான். யாரையும் அதட்டத் தெரியாது. செடியிடம் பேசிப் பேசியே அவன் குரல் குழைந்துபோயிருந்தது.

"செடிக்கு வலிக்குமான்னு கேட்டீங்கன்னா வலிக்காதுக்கா. ஆனா அரண்டுபோகும்" என்றான் முதல் நாள். "இந்தப் பஞ்சுக்கட்டியில முளைக்குது. அடியில வேர் எட்டிப் பாத்ததும் நாம கட்டியோட எடுத்துப் பெரிய தொட்டியில வைக்கிறோம். வைக்கிற கை இறுகினா, வேர்த்தா, நடுங்கினா, வேர்ல ஒரு சின்ன மின்சாரம் ஓடும். அதைத்தான் இந்த விளக்கு காட்டுது."

"காட்டிட்டுப் போகட்டுமே. அதுக்கென்ன?"

"வாங்குறவங்க வெளிநாட்டுக்காரங்கக்கா. துயரமே படாத செடின்னு சொல்லித்தான் இந்த மருந்தை விக்கிறோம். ஒவ்வொரு கன்னுத் தட்டோட விளக்கையும் அங்க இருந்தே பாத்துக்கிட்டிருப்பாங்க. சிவப்பு எரிஞ்ச தட்டு அப்படியே அடுப்புக்குப் போயிடும்."

"அப்ப எங்களுக்கு அழுகை வந்தா?"

"வரக் கூடாதுக்கா" என்றான் கிருபாகரன். மனசார வருத்தப்பட்டுத்தான் சொன்னான்.

கன்றுகளுக்குக் கிடைத்த சீரை என்னத்தைச் சொல்ல. வைத்த புதிதில் வெறும் நீர்த்த ஊட்டம்தான். கனமாகக் கொடுத்தால் பிஞ்சு வேர் தாங்காது, இலை நுனி கருகிவிடும். வேர் பிடித்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். பசித்தால் வேரே கேட்கும், கேட்டதும் குழாய் சொட்டும். பெண்களின் தூக்குவாளிகள் வெளியே வேப்பமரத்தில் தொங்கின. சோற்றோடு பூஞ்சை உள்ளே வந்துவிடுமாம். தட்டு முடிந்தால்தான் வெளியே வர முடியும், தட்டு எப்போது முடியும் என்பது தட்டுக்கே தெரியாது.

"எங்களுக்கும் ஒரு கம்பியைச் சொருகி விடுங்க தம்பி. பசிச்சா விளக்கு எரியட்டும்" என்றாள் வெள்ளைத்தாய். கிருபாகரன் அதை மேலே எழுதிப் போட்டான். அவன் அப்படிப்பட்ட பிள்ளை. மேலே இருந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை.

எழவு விழுந்த வீட்டுக்காரி பதினாறு கழியும்வரை உள்ளே வரக் கூடாது, சம்பளமும் கிடையாது. அதற்குத் 'துக்க ஓய்வு' என்று ஒரு பேர். அதனால் கொட்டகையில் யாருக்கும் யாரும் சாகவில்லை. தம்பி செத்தவள் மாலையில் போய் அழுதுவிட்டுக் காலையில் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றாள். வெள்ளைத்தாயின் மாமியார் கண்ணை மூடிய மறுநாள் எல்லோரும் பயந்துகொண்டே அவள் கையைப் பார்த்தார்கள். பச்சை எரிந்தது. என்றைக்கும் இல்லாத பச்சை.

"இதுல நடிப்பு ஒண்ணும் இல்லை மதினி" என்றாள் வெள்ளைத்தாய் அடக்கமாக.

செவனம்மாவுக்குத்தான் ஒவ்வொரு காலையும் கண்டம். அவள் புருசன் மொக்கராசு ஜெயிலில் இருந்தான்.

என்ன குற்றம் என்றால், இதே செடி. மலை மேலே மொச்சைக்கு நடுவில் ஏழெட்டுக் கஞ்சாச் செடி வைத்திருந்தான். ஆள் காட்டிக் கொடுத்து, செடியைப் பிடுங்கி, அவனையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பத்து வருசம். அவன் உள்ளே போய் மூன்று வருசத்தில் கஞ்சா ஒரு மருந்து என்று அரசாங்கத்துக்குப் புரிந்துவிட்டது. சட்டம் வந்தது, லைசன்ஸ் வந்தது, அவன் செடி வைத்த மலைக்கு நேர் கீழே கொட்டகை வந்தது. செடிக்கு மன்னிப்புக் கொடுத்தார்கள். நட்டவனுக்குக் கொடுக்கவில்லை.

"அதெப்படிங்க சார்?" என்று வக்கீலிடம் கேட்டாள்.

"புதுச் சட்டம் முன்னாடி மட்டும்தாம்மா பாக்கும். அதுக்குக் கழுத்து திரும்பாது. கருணை மனு போட்டிருக்கோம், பாப்போம்" என்றார் அவர்.

மனு எங்கோ இருந்தது. மொக்கராசு ஜெயிலில் இருந்தான். செவனம்மா தினமும் அவனை உள்ளே தள்ளிய செடியை நோகாமல் தூக்கி, வேர் மடங்காமல் தொட்டியில் இறக்கி, உருண்டைக் கல்லைச் சுற்றிலும் அணைத்து, ஊட்டத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நினைத்தால் சிவப்பு எரிந்துவிடும். நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதனால் வேறொன்றை நினைக்கப் பழகினாள்.

கேட்டில் நின்றதும் கண்ணை மூடுவாள். மொக்கராசு வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல் மேல் குத்தவைத்திருக்கிறான். சோற்றுத் தட்டு மடியில் இருக்கிறது. ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறான். "ஏ புள்ள, உப்பு என்ன உங்க அப்பன் வீட்டுச் சீரா? போட்டாக் குறைஞ்சு போயிருமா?" என்று கத்துகிறான். ஊர் கேட்கக் கத்துகிறான். அவள் வேண்டுமென்றே காது கேட்காதவள் மாதிரி முறத்தைத் தட்டுகிறாள். அவன் வைவது முடிவதற்குள் கை இளகிவிடும். கண்ணைத் திறந்து இலையைத் தொடுவாள். பச்சை.

உலகத்திலேயே துயரம் படாத கஞ்சா அப்படித்தான் விளைந்துகொண்டிருந்தது.

இரண்டாவது கொட்டகையைத் திறந்துவைக்க மந்திரி வருவதாக இருந்தது. அவரிடம் ரெண்டு துறை. மூலிகைத் துறை ஒன்று, சிறைத்துறை ஒன்று. இதை யார் யோசித்துக் கொடுத்தார்களோ.

கிருபாகரன் பெண்களைக் கூட்டி வைத்துச் சொன்னான். "முதல் கன்றை மந்திரிதான் வைக்கப்போறார். அவருக்கு நாட்டுப்புறம்னா உசுருக்கா. வெளிநாட்டுக்காரங்களும் நேரா பாக்குறாங்க. நீங்க வயல்ல நாத்து நட்டப்ப என்ன செய்வீங்களோ, அதைப் பாரம்பரியமா செய்யுங்க."

"குலவை போடவா தம்பி?"

"போடுங்க."

"எல்லாமே செய்யணுமா?" என்றாள் வெள்ளைத்தாய்.

"எல்லாமே செய்ங்கக்கா."

"அப்புறம் எங்களைச் சொல்லக் கூடாது."

நடவு வயலில் ஒரு வழக்கம் உண்டு. வயல்காரரோ அவர் கூட்டிவந்த ஆளோ வரப்பில் வந்தால், நடவுக்காரி ஒருத்தி ஒரு முடியை, அதாவது ஒரு கட்டு நாற்றை, எடுத்துவந்து அவர் காலடியில் குறுக்கே வைப்பாள். மற்றவர்கள் குலவை போடுவார்கள். அவர் ஏதாவது கொடுத்தால்தான் முடியை எடுப்பார்கள். கொடுக்காமல் தாண்டிப் போவது ஆகாது. எவ்வளவு பெரிய கஞ்சனும் நாற்றைத் தாண்ட மாட்டான். அங்கேயே நின்று பேரம் பேசுவான், தாண்ட மட்டும் மாட்டான். கோயம்புத்தூர்ப் பையனுக்கு இது தெரியவில்லை. பாரம்பரியம் என்றால் குலவையும் பொட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

மந்திரி வந்தார். வெள்ளை வேட்டிக்கு மேல் பிளாஸ்டிக் அங்கி மாட்டியிருந்தார்கள். பெரிய சுவர்ப் பலகையில் எல்லாத் தட்டுகளின் விளக்கும் பச்சைப் பச்சையாக எரிந்தது. அவர் முதல் கன்றைத் தொட்டியில் வைத்தார். வைத்தது கோணல்தான், ஆனாலும் பச்சை எரிந்தது. கவலை இல்லாத கை. பெண்கள் குலவை போட்டார்கள். கேமராக்கள் திரும்பின.

அப்போது செவனம்மா பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு கை கன்றை அள்ளினாள். பஞ்சுக்கட்டிகளிலிருந்து விளக்குக்கு ஓடிய நீளக் கம்பிகளை அறுக்காமல் அவற்றாலேயே ஒரு சுற்றுச் சுற்றி முடியாகக் கட்டினாள். நடந்துபோய் மந்திரியின் காலடியில் குறுக்கே வைத்தாள்.

மந்திரிக்குச் சிரிப்புப் பொங்கிவிட்டது. "அட, இதெல்லாம் பாத்து எத்தனை வருசம் ஆச்சு. எங்க ஊர்லயும் இப்படித்தான் மடக்குவாங்க" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். அங்கிக்குள் கைவிட்டுத் தடவினார். "இப்ப யாரு தாயி கையில காசு வச்சிருக்கா? ஏம்ப்பா, இந்தம்மாவுக்கு என்ன வேணும்னு கேட்டு..."

"காசு வேணாம்யா" என்றாள் செவனம்மா.

"பின்ன என்ன வேணும்?"

"எங்க வீட்டுக்காரரு வேணும்."

கூட்டம் சிரித்தது. மந்திரியும் சிரித்தார். "அவரை நான் எங்க தாயி ஒளிச்சு வச்சிருக்கேன்?"

"உங்க ஜெயில்லதான்யா."

சிரிப்பு பின்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக நின்றது.

"என்ன செஞ்சான்?"

"இப்ப நீங்க செஞ்சதைத்தான்யா செஞ்சாரு. ஏழெட்டுச் செடி நட்டாரு."

மந்திரி காலைப் பின்னுக்கு இழுத்தார். பின்னால் முதல் கன்றுத் தொட்டி இருந்தது. முன்னால் முடி கிடந்தது. சுவர்ப் பலகையில் ஒரு தட்டு மஞ்சளானது. ஈரம் காயக் காய, கிடந்த கன்றுகள் தலை சாய்ந்தன. மஞ்சள் சிவப்பானது. மூலையில் கோட்டுப் போட்ட கம்பெனிக்காரர் ஒருவர் போனை எடுத்துக் காதில் வைத்து "ஒரு நிமிசம், ஒரு நிமிசம்" என்று கடலுக்கு அப்பால் கெஞ்ச ஆரம்பித்தார். கிருபாகரன் ஓடிவந்து மண்டியிட்டு முடியை எடுக்கக் கைநீட்டினான்.

"தொடாத தம்பி" என்றாள் வெள்ளைத்தாய். "குடுக்காம எடுத்தா ஆகாது. நீதானே எல்லாமே செய்யச் சொன்ன?"

பெண்கள் மறுபடி குலவை போட்டார்கள். நிறுத்தாமல் போட்டார்கள். மந்திரி செடியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடைசியாகக் கேமராவைப் பார்த்தார். ஊரில் இருக்கிற அத்தனை நடவுக்காரிகளும் அந்தக் கேமராவுக்குப் பின்னால் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"விட்டுர்றேன் தாயி. என் வாயால சொல்லிட்டேன். எடு" என்றார்.

செவனம்மா முடியை எடுத்தாள்.

மந்திரியின் கார் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் அவளைப் பக்கக் கேட்டு வழியாக வெளியே அனுப்பினார்கள். செடியைத் துன்புறுத்தியதற்காக வேலை நீக்கம். சிவப்பு எரிந்த கன்றுகளை அடுப்பில் போடச் சொல்லிக் கிருபாகரனிடம் கொடுத்தார்கள். செடி நல அலுவலருக்கு மனசு வரவில்லை. தன் அறைக்குத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோய்த் தண்ணீரில் வைத்து, நீர்த்த ஊட்டம் கொடுத்து, தலை நிமிர்த்திவிட்டான். அவை வளர்ந்தன, பூத்தன. விசயம் வெளியே தெரிந்து வேலைக்கு ஆபத்து வந்தபோது, தப்பிப்பதற்காக ஆராய்ச்சிக்கு வைத்ததாக ஒரு பொய் சொன்னான். பொய்யை மெய்யாக்க அவற்றைச் சோதிக்க வேண்டியதாயிற்று.

சோதித்தவர்கள் நம்பாமல் மறுபடி ஒரு தடவை சோதித்தார்கள். அந்தச் செடியின் மருந்தைச் சாப்பிட்ட ஒரு வெளிநாட்டுக் கிழவர், பெண்டாட்டி செத்தபின் வருசக்கணக்கில் கண்ணீர் வராதவர், மளமளவென்று அழுதுவிட்டுக் குழந்தை மாதிரித் தூங்கினாராம். துயரம் பட்ட செடிதான் துயரத்துக்கு மருந்து என்று விளம்பரம் வந்தது. நேற்றுவரை துயரம் படாத செடி என்று விற்ற அதே வாய், அதே மேசை.

செவனம்மாவை அழைக்கக் கார் வந்தது. கிருபாகரனே இறங்கி வந்தான். வில்லையில் இப்போது 'துயர வள அலுவலர்' என்று இருந்தது.

"மந்திரி வாக்குக் குடுத்தாரே தம்பி, அது என்னாச்சு?" என்றாள் காரில் ஏறுமுன்.

"ஃபைல் நகர்ந்துக்கிட்டிருக்குக்கா" என்றான். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னதை அவள் கவனித்திருக்கலாம். வீட்டில் அரிசி இல்லை, கவனிக்கவில்லை.

கேட்டில் சட்டம் தலைகீழாகியிருந்தது. சிவப்பு எரிந்தால் உள்ளே, பச்சை என்றால் வந்த வேனிலேயே வீட்டுக்கு. செத்ததை மறைத்த பெண்கள் இப்போது சாகாதவர்களைச் சாகடித்தார்கள். ஒரே பெரியப்பனுக்கு மூன்று பேர் எழவு சொன்னார்கள். அந்த மனுசர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளைத்தாய் பாடுதான் திண்டாட்டம். எதைத் தொட்டாலும் பச்சை. திருப்பி அனுப்பினார்கள். பிழைப்புப் போச்சே என்று கேட்டிலேயே உட்கார்ந்து அழுதாள், அழுத கையோடு தொட்டாள், சிவப்பு எரிந்தது, உள்ளே விட்டார்கள். உள்ளே விட்டுவிட்டார்களே என்று சந்தோசம் வந்தது, முதல் தட்டிலேயே பச்சை எரிந்தது, வெளியே அனுப்பினார்கள். ஒரே காலையில் அவள் இப்படிப் போய்ப் போய் வந்ததில் மற்றவர்கள் சிரித்துச் சிரித்து ஒரு வரிசைத் தட்டு முழுக்க வீணாய்ப் போனது.

செவனம்மாவுக்குத் தனி அறை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. அவள் கை பட்ட தட்டுக்குத் தனி முத்திரை. காலையில் கிருபாகரன் வந்து எதிரில் ஸ்டூல் போட்டு உட்காருவான். "அண்ணனைப் பத்தி ஏதாச்சும் சொல்லுங்கக்கா. அவரைப் புடிச்சிட்டுப் போன அன்னைக்கு என்ன போட்டிருந்தார்?" என்பான். அவள் சொல்வாள். சொல்லச் சொல்லத் தட்டுகள் சிவக்கும். அவன் கண்ணும் கலங்கும். அவன் கண் கலங்குவது வேலைக்காக அல்ல, அதுவும் உண்மைதான். அதனால் என்ன பிரயோசனம்?

ஒரு நாள் சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "ஒரு வெள்ளாமை முடிஞ்சிருச்சு தம்பி. ஃபைலு இன்னும் நகருதா?"

கிருபாகரன் ஸ்டூலில் நெளிந்தான். அவனுக்கு முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லவும் வராது, உண்மை சொல்லத் துணிவும் வராது. நடுவில் கிடந்து தவித்தான்.

"கையெழுத்து எப்பவோ ஆயிடுச்சுக்கா."

"ஆயி?"

"கம்பெனிதான் கொஞ்சம் பொறுத்து விடச் சொல்லி மந்திரிகிட்ட கேட்டுக்கிட்டாங்க. இந்த அறுவடை முடியட்டும்னு. அப்புறம் அடுத்த அறுவடை... அண்ணன் வந்துட்டா உங்க கை மாறிடும்னு லேப்ல பயப்படுறாங்கக்கா."

செவனம்மா கத்தவில்லை. கத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பலகை சிவக்கும், கோட்டுப் போட்டவருக்கு லாபம். அவள் எவ்வளவு நொந்தாலும் அது நேராகப் போய் அவர்கள் பெட்டியில் விழுகிற மாதிரிக் குழாய் போட்டு வைத்திருந்தார்கள்.

கையைக் கழுவினாள். கண்ணை மூடினாள். துவைக்கிற கல்லும், தட்டும், ஒரு வாய் வைத்துச் சுளித்த முகமும் வந்தன. "உப்பு என்ன உங்க அப்பன் வீட்டுச் சீரா?" அவன் ஆசை தீர வையட்டும் என்று நின்று கேட்டாள். பிறகு கன்றை எடுத்தாள்.

பச்சை. அடுத்ததும் பச்சை. அந்தத் தட்டு, அதற்கடுத்த தட்டு, அந்த வாரம், அந்த மாதம், எல்லாம் பச்சை.

"அக்கா, கொஞ்சமாச்சும் வருத்தப்படுங்கக்கா" என்றான் கிருபாகரன்.

"எதுக்குத் தம்பி? எங்க வீட்டுக்காரருதான் வந்துட்டாரே."

"வரலையேக்கா."

"வந்துட்டாருன்னுதானே விளக்கு சொல்லுது. விளக்கு பொய் சொல்லுமா?"

சோக வயலின் போட்டார்கள். ஒரு ஆளை வைத்து அவளைத் திட்டச் சொன்னார்கள். திட்ட வந்தவன் மொக்கராசு அளவுக்குத் திட்டத் தெரியாமல் திணறினான். அவளுக்குச் சிரிப்பு வந்து பச்சை இன்னும் பிரகாசமானது. சாப்பாட்டை நிறுத்தினார்கள். பசி அவளுக்குப் புதுசா? வெளிநாட்டிலிருந்து போன் மேல் போன் வந்தது. கடைசியில் வீட்டு ஆள் யாரையாவது கேட்டுப் பார்க்கலாம் என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்தாயை ஏசி அறைக்குக் கூப்பிட்டார்கள்.

வெள்ளைத்தாய் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இதுக்கா இம்புட்டு மருந்து மாயம்? எங்க அண்ணனை விட்டுருங்க சார்."

"விட்டா சந்தோசமாயிடுவாங்களேம்மா" என்றார் கோட்டுப் போட்டவர்.

"யாரு சார் சொன்னது? தூரத்துல இருக்குற புருசனுக்கு எத்தனை நாள் அழ முடியும்? கண்ணு காஞ்சிரும். பக்கத்துல இருந்தாத்தானே தினம் ஒண்ணு கிடைக்கும்? எங்க அண்ணன் வாயி உங்களுக்குத் தெரியாது. சோத்துல ஆரம்பிச்சு சொக்காயில முடிப்பாரு. விட்டுப் பாருங்க, உங்க விளக்கு ஃபியூஸ் போயிரும்." அவள் மேசையைச் சுற்றிப் பார்த்தாள். "நீங்கள்லாம் கல்யாணம் ஆனவங்கதானே?"

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அந்த யோசனையை யாரும் எதிர்க்கவில்லை. லேப் ஆட்கள் அதையே நல்ல பாஷையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த வாரமே மொக்கராசு விடுதலை.

"வாயாலயே உங்க அண்ணனை மீட்டுட்டியேடி" என்றாள் செவனம்மா. அன்றைக்கு முழுக்க அவள் கை தொட்டதெல்லாம் பச்சை. அதற்குக் கண்ணை மூட வேண்டியிருக்கவில்லை.

மொக்கராசு ஒரு காலை நேரம் வந்து சேர்ந்தான். கம்பெனி குடியிருப்பில்தான் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆள் பாதியாகியிருந்தான், சட்டை முழுசாக இருந்தது. கிருபாகரன் பெருமையாகக் கூட்டிப்போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்திக் கொட்டகையைக் காட்டினான். செவனம்மா பின்னால் நின்றாள். உள்ளே அடுக்கடுக்காக, கண் போகிற தூரம் வரைக்கும், அதையும் தாண்டி, அதே செடி.

மொக்கராசு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நெடுநேரம் பார்த்தான். பிறகு கிருபாகரனிடம் பணிவாகக் கேட்டான்.

"இம்புட்டையும் வச்சவங்களுக்கு எத்தனை வருசம் போட்டாங்க சார்?"

குத்தலாகக் கேட்டிருந்தால் செவனம்மா சந்தோசப்பட்டிருப்பாள். பழைய மொக்கராசு அப்படித்தான் கேட்டிருப்பான். இவன் நிஜமாகவே கேட்டான். ஏழெட்டுக்குப் பத்து வருசம் என்றால் இதற்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு, உள்ளே இருக்கப்போகிறவர்களுக்காகப் பரிதாபப்பட்ட முகம் அது. கிருபாகரன் லைசன்ஸ் என்று ஏதோ சொன்னான். மொக்கராசு "சரிங்க சார், சரிங்க சார்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

மதியத்துக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வாங்கி வந்தது நல்ல கருவாடு. உப்பு ஒட்டாமல் போகக் கருவாட்டை நாலு தண்ணியில் ஊறவைத்து அலசினாள். குழம்பில் கல் உப்பு போட எடுத்த கையை, போடாமல் திருப்பி ஜாடியிலேயே உதறினாள். குடியிருப்பில் கொல்லை இல்லை, துவைக்கிற கல்லும் இல்லை. தரையில் உட்காரவைத்துத் தட்டை வைத்தாள். பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்தாள். முறம் இல்லாததால் ஒரு மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, காது கேட்காதவள் மாதிரித் திரும்பி நின்றாள்.

ஒரு வாய். இன்னொரு வாய். சத்தமே வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். குனிந்த தலை நிமிராமல் சீராகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு பருக்கை விடவில்லை. எழுந்து தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்து, சுவரோரமாய் நேராக நின்றான்.

"ஏங்க, குழம்பு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றான். நின்றுகொண்டே இருந்தான். உட்காரச் சொல்வதற்காகக் காத்திருக்கிறான் என்று அவளுக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

மறுநாள் கொட்டகையில் கண்ணை மூடினாள். துவைக்கிற கல் வந்தது. தட்டு வந்தது. அவன் ஒரு வாய் வைத்தான். முகம் சுளிக்கவில்லை. காத்திருந்து பார்த்தாள். எழுந்து தட்டைக் கழுவப் போனான்.

அவள் கன்றைத் தொட்டதும் விளக்கு சிவந்தது. அந்தத் தட்டு முடிவதற்குள் பக்கத்துத் தட்டுகளும், அவள் கை படாத தட்டுகளும்கூட ஒன்றைப் பார்த்து ஒன்று சிவந்தன. சுவர்ப் பலகை முழுக்க ஒரே நிறம். இப்படி ஒரு சிவப்பை அவர்கள் பார்த்ததே இல்லை. கோட்டுப் போட்டவர் போனில் சிரித்துச் சிரித்துப் பேசினார். அவள் ஒவ்வொரு கன்றாக எடுத்து, வேர் மடங்காமல், செடிக்கு நோகாமல் வைத்துக்கொண்டே போனாள்.

கிருபாகரன் மூச்சு வாங்க ஓடி வந்தான். "அருமைக்கா. உங்க நாத்தனார் சொன்னது சரியாப் போச்சு. அண்ணன் வந்ததும் வராததுமா அப்படி என்னக்கா திட்டிட்டார்?"

செவனம்மா அடுத்த கன்றைக் கையில் எடுத்தாள்.

"குழம்புக்கு உப்புப் போடலை தம்பி" என்றாள்.